விண்டோஸின் காவலும் வெளிக் காவலும்: ஒரு பூசலின் வரலாறு

1993 மார்ச்சில் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 6.0 இயங்குதளத்தோடு வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றும் சேர்ந்து வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆன்டி-வைரஸ் என்பது அதன் பெயர். ஆனால் அதை மைக்ரோசாஃப்ட் எழுதவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருந்த சென்ட்ரல் பாயின்ட் என்ற நிறுவனத்திடம் உரிமம் பெற்று அதைச் சேர்த்திருந்தார்கள். சென்ட்ரல் பாயின்டின் நிரலுக்கோ மூலம் இஸ்ரேலின் கார்மல் நிறுவனத்துடையது. அதுவரை இயங்குதளத்தை விற்பவர் ஒருவர், அதற்குக் காவல் விற்பவர் வேறொருவர் என்றிருந்த ஏற்பாடு அன்று முதல் மாறத் தொடங்கியது. இயங்குதளத்துடன் வரும் காவலுக்கும் தனியே வாங்கி நிறுவும் காவலுக்கும் இடையிலான பூசலுக்கு அதைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

வைரஸ் தடுப்புத் தொழிலுக்கு அப்போது வயது ஏழுகூட நிரம்பவில்லை. 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய பிரெயின் வைரஸ் ஃபிளாப்பிகள் வழியே உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே ஜான் மெக்கஃபி கலிஃபோர்னியாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். செக்கோஸ்லோவாகியாவில் நாட், அவாஸ்ட் என்ற இரு தடுப்பு நிரல்களின் முதல் வடிவங்கள் எழுதப்பட்டன. நார்ட்டன் ஆன்டிவைரஸ் 1991-இல் கடைக்கு வந்தது. அதே 1991-இல் சென்னையில் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். அதன் நிரல் பின்னாளில் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தின் பெயரில் பெருவாரியாக விற்றது. ஊர்கள் வேறானாலும் இவர்கள் அனைவருக்கும் பிழைப்பு ஒரே குறையிலிருந்துதான் வந்தது. டாஸுக்கு எந்தக் காவலும் கிடையாது. எந்த நிரல் வந்தாலும் நினைவகத்தின் எந்த மூலையிலும் எழுதலாம், டிஸ்க்கின் எந்தப் பகுதியையும் அழிக்கலாம்.

டாஸ் 6.0 அந்தக் குறையைத் தன் கையாலேயே நிரப்ப முயன்றது. வைரஸ் தடுப்பு மட்டுமல்ல, டிஸ்க்கைச் சுருக்கிக் கொள்ளளவைக் கூட்டும் நிரலும் அதில் இருந்தது. அந்தச் சுருக்கத் தொழிலில் இருந்த ஸ்டாக் நிறுவனம் காப்புரிமை மீறல் என்று வழக்குப் போட, 1994-இல் ஜூரிகள் 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தார்கள். பிறர் பிழைப்பை இயங்குதளம் தனக்குள் இழுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தப் பதிப்பிலேயே முழு உருவில் தெரிந்துவிட்டது.

மோதல் வணிகத்தில் மட்டும் நிற்கவில்லை, கணினிக்குள்ளேயும் நடந்தது. டாஸில் ஒரு கோப்பைத் திறக்கவோ டிஸ்க்கைப் படிக்கவோ வேண்டுமானால் நிரல்கள் இன்டரப்ட் என்னும் அழைப்பை விடுக்கும். நினைவகத்தில் தங்கிக் காவல் காக்கும் நிரல் அந்த அழைப்புக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, தான் பார்த்த பிறகே மேலே அனுப்பும். வைரஸும் உட்காருவது அதே இடத்தில்தான். ஆகவே இரண்டு காவல் நிரல்கள் ஒரே கணினியில் இருந்தால், பிந்தியது முந்தியதைப் பார்த்து வைரஸ் என்றே எண்ணியது. அந்த எண்ணத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. நடத்தையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இன்னொரு வகைத் தகராறும் இருந்தது. வைரஸ்களைக் கண்டறிய அவற்றின் குறியீட்டிலிருந்து எடுத்த சிறு துண்டுகளின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு நிரலும் வைத்திருக்கும். சென்ட்ரல் பாயின்டின் நிரலும் அதன் வழி வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்பும் இந்தப் பட்டியலை மறைக்குறியாக்காமல் நினைவகத்தில் அப்படியே விட்டுச் சென்றன. பிறகு மெக்கஃபி போன்ற வேறொரு நிரலை ஓட்டினால், நினைவகத்தில் வைரஸ் இருப்பதாக அது அலறும். உண்மையில் அங்கே கிடந்தது முந்தைய காவலரின் குறிப்பேடு. இல்லாத வைரஸுக்குப் பயந்து ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழித்தவர்களும் உண்டு.

டாஸ் 6.0-இன் காவல் நீடிக்கவில்லை. அதன் கண்காணிப்பு நிரலான விசேஃபை நிறுத்துவதற்கு ஒரு சாதாரண அழைப்பே போதுமானதாக இருந்தது; வைரஸ் எழுதியவர்கள் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். எல்லாக் கணினிகளிலும் ஒரே காவல் இருந்தால் அதை ஏமாற்றக் கற்றுக்கொள்வதே முதல் பாடமாகிவிடும் என்பது அப்போதே தெரிந்தது. 1994-இல் சென்ட்ரல் பாயின்டை, நார்ட்டனை விற்றுவந்த சைமான்டெக் வாங்கியது. விண்டோஸ் 95 வந்தபோது அதில் வைரஸ் தடுப்பு இல்லை. அடுத்த பத்தாண்டுகள் வெளி நிறுவனங்களுக்குப் பொற்காலம்.

அந்தப் பொற்காலத்தில் வெளிக் காவல்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. விண்டோஸ் என்டி வழிவந்த பதிப்புகளில் கோப்பு தொடர்பான ஒவ்வொரு கோரிக்கையும் அடுக்கடுக்கான டிரைவர்கள் வழியாக இறங்கிச் செல்லும். ஆன்டிவைரஸ் அந்த அடுக்கில் ஒன்றாகத் தன்னைச் செருகிக்கொள்ளும். இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தால் முதலாவது ஒரு கோப்பைச் சோதிக்கத் திறக்கும். அந்தத் திறப்பையே இரண்டாவது ஒரு நிகழ்வாகக் கண்டு தானும் திறக்கும். அதை முதலாவது மறுபடி பிடிக்கும். நல்ல நாளில் கணினி மந்தமாகும், கெட்ட நாளில் இரண்டும் ஒன்றுக்காக மற்றொன்று காத்துக்கிடந்து உறைந்துபோகும். 32-பிட் விண்டோஸில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் ஒரு பணிக்கு ஒதுக்கப்பட்ட ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவிடம் 12 கிலோபைட் மட்டுமே. டிரைவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால் அந்த இடம் நிரம்பி வழிந்து, விண்டோஸ் நின்றுபோனதைக் காட்டும் நீலத்திரை வரும். தப்பு எந்த நிறுவனத்தின் டிரைவரில் என்று சொல்வது கடினம், ஏனெனில் தனித்தனியே பார்த்தால் எதிலும் தப்பிருக்காது. ஒரு நிரல் சிறைவைத்த வைரஸ் கோப்பை மற்றது கண்டுபிடித்து எச்சரிப்பதும் அன்றாடக் காட்சி.

இதற்கு மைக்ரோசாஃப்ட் கண்ட வழி வரிசை எண். 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஃபில்டர் மேனேஜர் என்ற பகுதி, கோப்பைக் கண்காணிக்க விரும்பும் ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் உயரத்தை ஒதுக்கியது. வைரஸ் தடுப்புக்கு 3,20,000 முதல் 3,29,999 வரையிலான எண்கள். யார் மேலே, யார் கீழே என்பது நிறுவிய நாளைப் பொறுத்ததாக இல்லாமல் மைக்ரோசாஃப்டின் பதிவேட்டைப் பொறுத்ததாயிற்று. சத்தமில்லாமல் செய்யப்பட்ட இந்த மாற்றம், பின்னால் நடந்த பெரிய தகராறுகளைவிடப் பயனுள்ளது.

மைக்ரோசாஃப்ட் மறுபடி காவல் தொழிலுக்குத் திரும்பக் காரணம் புழுக்கள். 2001-இல் கோட் ரெட், நிம்டா; 2003-இல் ஸ்லாமர், பிளாஸ்டர். பயனர் எதையும் திறக்காமலேயே நெட்வொர்க் வழியே நுழைந்தவை இவற்றுள் பல. 2002 ஜனவரி 15 அன்று பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதம், புது வசதிகளைவிடப் பாதுகாப்பே முதன்மை என்றது. விண்டோஸ் எக்ஸ்பியில் 2001-லேயே நெட்வொர்க் வழியே வருவதை வடிகட்டும் ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 அதைத் திருத்தி எழுதி, எல்லாக் கணினிகளிலும் தானாகவே இயங்கும்படி செய்தது. ஏற்கெனவே ஸோன்அலாரம் போன்ற ஃபயர்வாலை வைத்திருந்தவர்கள் ஒரே நிரலுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றில் திறந்த வழி மற்றதில் மூடியிருக்கும், பிரின்டர் வேலை செய்யாது, காரணம் தெரியாது. கணினியில் என்னென்ன காவல் இருக்கிறது என்று காட்டும் செக்யூரிட்டி சென்டர் என்ற பலகையும் அப்போதுதான் வந்தது. அந்தப் பலகை யார் கையில் என்பதே இரண்டாண்டு கழித்து ஐரோப்பிய ஆணையம் வரை போன சண்டைக்கு ஒரு காரணமானது.

இதனிடையே மைக்ரோசாஃப்ட் ருமேனியாவின் ஜீகேட் நிறுவனத்தின் வைரஸ் தடுப்புத் தொழில்நுட்பத்தை 2003-இலும், ஜயன்ட் என்ற உளவு நிரல் தடுப்பு நிறுவனத்தை 2004 இறுதியிலும் வாங்கியது. பின்னதன் நிரல்தான் விண்டோஸ் டிஃபெண்டர் ஆயிற்று. 2006 பிப்ரவரியில் அதன் சோதனைப் பதிப்பு ஒரு வினோதம் செய்தது. பெருநிறுவனங்களில் ஓடிக்கொண்டிருந்த சைமான்டெக் ஆன்டிவைரஸ் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் வைத்திருந்த பதிவுகளைக் கடவுச்சொல் திருடும் பாங்கோஸ் என்ற டிரோஜன் என்று அடையாளம் கண்டு, அவற்றை நீக்கச் சொன்னது. சொன்னபடி செய்தவர்களின் சைமான்டெக் செயலிழந்தது. அது தவறுதலாக நேர்ந்த பிழை; ஒரே நாளில் திருத்தம் வந்தது. ஆனால் அதே ஆண்டு மே இறுதியில் ஒன்கேர் என்ற கட்டணக் காவலை ஆண்டுக்கு 49.95 டாலருக்கு மைக்ரோசாஃப்ட் விற்கத் தொடங்கியதால், பிழையை வெறும் பிழையாகப் பார்க்கப் போட்டியாளர்களுக்கு மனம் வரவில்லை.

2006 இலையுதிர்காலத்தில் பூசல் உச்சத்துக்குப் போனது. எக்ஸ்பிக்கு அடுத்த பதிப்பான விஸ்டா வெளிவர இருந்த நேரம். அதன் 64-பிட் பதிப்பில் கெர்னலை யாரும் திருத்த முடியாதபடி காக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. பேட்ச்கார்டு என்பது அதன் வழக்குப் பெயர். முந்தைய ஆண்டின் 64-பிட் எக்ஸ்பியிலேயே அது வந்துவிட்டாலும், 64-பிட் கணினிகள் அரிதாக இருந்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கெர்னலின் முக்கிய அட்டவணைகளை அது அவ்வப்போது சரிபார்க்கும். மாறியிருந்தால் கணினியையே நிறுத்திவிடும்.

அந்த அட்டவணைகளைத்தான் ரூட்கிட் எனப்படும் ஒளிவு நிரல்கள் மாற்றி எழுதின. 2005 அக்டோபரில் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத் தட்டுகள் அப்படியொரு நிரலைக் கணினிகளில் ஒளித்து வைத்ததை விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் அம்பலப்படுத்தியது பெரும் பரபரப்பாக இருந்தது. சங்கடம் என்னவென்றால், ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் அதே அட்டவணைகளை அதே முறையில் மாற்றித்தான் தங்கள் நிரலைப் பிறர் நிறுத்திவிடாமல் காத்தன, சந்தேகத்துக்குரிய செயல்களை இடைமறித்தன. மைக்ரோசாஃப்ட் அதற்கு அனுமதி தந்ததில்லை, ஆனால் தடுத்ததுமில்லை. இருபதாண்டு மாட்டுவண்டிப் பாதையை ஒருநாள் வேலி போட்டு அடைத்தது போலாயிற்று.

2006 அக்டோபர் 2 அன்று மெக்கஃபி நிறுவனம் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரமாகத் திறந்த மடல் வெளியிட்டது. பாதுகாப்பு நிறுவனங்களைக் கெர்னலிலிருந்து வெளியேற்றுவது பயனரைப் பாதுகாப்பற்றவராக்கும் என்பது அதன் வாதம். சைமான்டெக்கின் குறை இரண்டு. ஒன்று கெர்னல், மற்றது செக்யூரிட்டி சென்டர். நார்ட்டனுக்கென்று தனிப் பலகை இருக்கும்போதும் விண்டோஸின் பலகையை அணைக்க வழியில்லை, பயனர் ஒரே எச்சரிக்கையை இருமுறை காண்கிறார் என்றது. சோஃபோஸ் நிறுவனமோ, பேட்ச்கார்டால் தங்களுக்குத் தொல்லை இல்லை, அனுமதிக்கப்பட்ட வழிகளிலேயே வேலை செய்ய முடிகிறது என்று கூறி எதிர்ப்பக்கம் நின்றது. ஐரோப்பிய ஆணையத்தில் போட்டிச் சட்டத்துக்குப் பொறுப்பான நீலி குரோஸ் விஸ்டாவைக் கவனித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் நடுவில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. பேட்ச்கார்டை எடுக்க மறுத்தது. அதற்குப் பதில், நிரல் தொடங்குவதையும் நிறுத்தப்படுவதையும் முறைப்படி அறிந்து தடுக்க உதவும் இடைமுகங்களைத் தருவதாகவும், பலகையின் எச்சரிக்கைகளை வெளி நிறுவனங்கள் அணைக்க விடுவதாகவும் ஒப்புக்கொண்டது. அந்த இடைமுகங்கள் 2008-இல் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கோடு வந்தன. திரும்பிப் பார்க்கையில் தொழில்நுட்பத்தில் மைக்ரோசாஃப்ட் பக்கமே நியாயம் மிகுதி. ஆனால் காவல் விற்கத் தொடங்கிய அதே ஆண்டில் போட்டியாளரின் பாதையை அடைத்தது சந்தேகத்தைத் தானே வரவழைத்துக்கொண்ட செயல்.

ஒன்கேர் விற்பனையில் சோபிக்கவில்லை. 2009-இல் அதைக் கைவிட்டு, செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச நிரலை செப்டம்பர் 29 அன்று வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, ஆன்டிவைரஸ் இல்லாத கணினிகளுக்கு அதை அப்டேட் வழியாகவே பரிந்துரைத்தபோது டிரெண்ட் மைக்ரோ என்ற காவல் நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. தரத்தைப் பொறுத்தவரை அந்த நிரலைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. 2012 இறுதியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் அதற்குச் சான்றிதழ் தர மறுத்தது.

அதே 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-இல் டிஃபெண்டர் முழு வைரஸ் தடுப்பாக இயங்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அத்துடன் ஒரு விதியும் வந்தது. வெளி ஆன்டிவைரஸ் ஒன்று செக்யூரிட்டி சென்டரில் முறைப்படி பதிந்துகொண்டால், டிஃபெண்டர் தானே ஒதுங்கிவிடும். அது நீக்கப்பட்டாலோ காலாவதியானாலோ டிஃபெண்டர் திரும்ப வரும். இரண்டு நிகழ்நேரக் கண்காணிப்புகள் மோதும் பழைய தொல்லை இதனால் பெருமளவு தீர்ந்தது. தீராமல் நின்றது, அரைகுறையாக நீக்கப்பட்ட நிரல்கள் விட்டுச்சென்ற டிரைவர்கள். அவற்றைத் துடைப்பதற்கென்றே நார்ட்டன், மெக்கஃபி முதலிய எல்லோரும் தனி நீக்கக் கருவி வெளியிட வேண்டியிருந்தது. புதுக் கணினியோடு வரும் சில மாதச் சோதனைப் பதிப்புகள் காலாவதியான பின் என்ன செய்வது என்பதும் சிக்கல். சந்தாவைப் புதுப்பிக்க நினைவூட்டும் உரிமை யாருக்கு, எப்போது டிஃபெண்டர் இடத்தைப் பிடிக்கலாம் என்ற அந்தச் சின்னக் கேள்வியில்தான் பெரும் பணம் இருந்தது.

அது 2016 நவம்பரில் வெடித்தது. விண்டோஸ் 10-க்கு மாறும்போது வெளி ஆன்டிவைரஸ்கள் பொருந்தாதவை என்று நீக்கப்பட்டு டிஃபெண்டர் இயக்கப்படுகிறது, புதுப் பதிப்புகளைச் சோதிக்கப் போதிய அவகாசம் தரப்படுவதில்லை என்று ரஷ்ய ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் தலைவர் யூஜின் காஸ்பர்ஸ்கி குற்றம் சாட்டினார். ரஷ்யப் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கியது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையத்திடமும் ஜெர்மனியின் போட்டித் துறையிடமும் புகார் போனது. மைக்ரோசாஃப்டின் பதிலில் ஓர் ஒப்புதல் இருந்தது: சுமார் 95 விழுக்காடு கணினிகளின் ஆன்டிவைரஸ் புதிய பதிப்புக்கு ஏற்கெனவே பொருந்தியது, எஞ்சியவற்றில் சில பகுதிகள் தற்காலிகமாக அணைக்கப்பட்டன என்றது. ஆகஸ்டில் சமரசம். வெளியீட்டு அட்டவணை முன்கூட்டியே தெரிவிக்கப்படும், சந்தா முடியும்போது வெளி நிறுவனம் தன் சொந்த அறிவிப்பைக் காட்டலாம் என்று உடன்பாடாகி, காஸ்பர்ஸ்கி புகார்களைத் திரும்பப் பெற்றது.

வெளிக் காவல் இயங்குதளத்தைத் தாக்கிய கதைகளும் குறைவில்லை. 2007 மே மாதம் சைமான்டெக்கின் அப்டேட் ஒன்று சீன மொழி எக்ஸ்பியின் இரண்டு இன்றியமையாத கோப்புகளை வைரஸ் என்று தனிமைப்படுத்தியது; கணினிகள் தொடங்கவே மறுத்தன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபியின் 5958 எண்ணுள்ள அப்டேட், எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸாகக் கருதியதால் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின.

2018 ஜனவரியின் சம்பவம் இவற்றிலும் நுட்பமானது. பிராசஸர்களில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறையை மூட விண்டோஸ் தன் கெர்னல் நினைவகத்தின் அமைப்பை மாற்றியபோது, அனுமதியற்ற முறையில் அந்த நினைவகத்தைத் தொட்டுவந்த ஆன்டிவைரஸ்கள் நீலத்திரையை வரவழைத்தன. வேறு வழியின்றி, ஆன்டிவைரஸ் நிறுவனம் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பிட்ட பதிவை எழுதித் தான் பொருந்துவதாக உறுதி சொன்னால்தான் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பதிவு எழுதப்படாத கணினிகள் காவல் இருந்த காரணத்தாலேயே பாதுகாப்பு அப்டேட் கிடைக்காமல் நின்றன. விண்டோஸ் 10-க்கு இந்த நிபந்தனை மார்ச்சில் நீக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் மறுபடி ஒரு மாதாந்திர அப்டேட்டோடு சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா முதலியவை முட்டி, கணினிகள் தொடங்கும்போதே உறைந்தன.

காவலே ஓட்டையாவதும் உண்டு. ஐயத்துக்குரிய கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையைச் சைமான்டெக் கெர்னலுக்குள்ளேயே செய்துவந்ததை 2016-இல் கூகுளின் டாவிஸ் ஓர்மண்டி வெளிப்படுத்தினார். மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும், திறக்கக்கூடத் தேவையில்லை, கணினியைக் கைப்பற்றிவிடலாம். உள்ளமைந்த காவல் இதில் உயர்ந்ததென்று சொல்வதற்கில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஓர்மண்டியும் நாடலி சில்வனோவிச்சும் டிஃபெண்டரின் எஞ்சினிலும் ஏறக்குறைய அதே அளவு மோசமான குறையைக் கண்டார்கள். பிரௌசர் தயாரிப்பாளர்களும் பொறுமையிழந்தனர். ஆன்டிவைரஸ்கள் போன்ற வெளி நிரல்கள் தம் குறியீட்டைக் குரோமுக்குள் செருகுவது அது முடங்கிப்போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று கூறி, 2018-இல் அதைத் தடுக்கத் தொடங்கியது கூகுள்.

ஆப்பிள் இந்தக் கதையை வேறு விதமாக முடித்தது. 2009-இல் எக்ஸ்புரொடெக்ட் என்ற எளிய சோதனையை மேக்கில் ஓசையின்றிச் சேர்த்தது. 2019-இன் கேட்டலினா பதிப்பில் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி என்ற இடைமுகத்தைத் தந்துவிட்டு, வெளியார் கெர்னலுக்குள் நுழையும் வழியைப் படிப்படியாக அடைத்தது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. மேக்கின் சந்தைப் பங்கு சிறியது, போட்டி ஆணையங்களின் பார்வையும் அதன்மேல் இல்லை.

விண்டோஸில் அந்த அடைப்பு நிகழாததன் விளைவு 2024 ஜூலை 19 அன்று தெரிந்தது. கிரௌட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஃபால்கன் காவலுக்கு வந்த உள்ளடக்கக் கோப்பு ஒன்று 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த நிரல் 20 மட்டுமே தந்தது. கெர்னலுக்குள் ஓடிய டிரைவர் இல்லாத இடத்தைப் படிக்கப்போய் விழுந்தது, அதோடு விண்டோஸும் விழுந்தது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டாலும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வெளியாரைக் கெர்னலிலிருந்து விலக்க முடியாததற்கு 2009-இல் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழியே காரணம் என்று மைக்ரோசாஃப்ட் தரப்பு சொன்னது. அது பாதி உண்மை. தன் காவல் நிரல்கள் பயன்படுத்தும் அதே இடைமுகங்களைப் பிறருக்கும் தர வேண்டும் என்பதுதான் அந்த உறுதிமொழி. தன் நிரலையும் வெளியே எடுத்திருந்தால் பிறரையும் வெளியே நிறுத்தியிருக்கலாம்.

2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ரெட்மண்டில் உள்ள தன் தலைமையகத்தில் பாதுகாப்பு நிறுவனங்களைக் கூட்டிப் பேசியது. ஆன்டிவைரஸ்கள் கெர்னலுக்கு வெளியே, மற்ற செயலிகளைப் போலவே ஓடுவதற்கான புதிய ஏற்பாட்டின் முன்னோட்டத்தை 2025 ஜூலையில் கூட்டாளிகளுக்குத் தருவதாகப் பின்னர் அறிவித்தது. 2006-இல் எதிர்த்த தொழில் இம்முறை பெரும்பாலும் உடன்பட்டே பேசியது. ஆனால் அதே விதி டிஃபெண்டருக்கும் பொருந்த வேண்டும். அதன் டிரைவர்கள் மட்டும் கெர்னலுக்குள் தங்கினால் புதிய ஏற்பாடு நியாயமானதாக இராது.